கண்மாய்க் கரம்பையும் மலைமேல் உளையும்

ஐப்பசி மழையில் கண்மாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டால் செட்டியார்பட்டியில் முதலில் மடையைப் பற்றித்தான் பேச்சு வரும். மடை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாள் பாய்ச்சல், இந்த வருஷமாவது மறுகால் போகுமா என்று கரையில் நின்று பேசுவார்கள். அந்தக் கரைக்குக் கீழே, தண்ணீரும் சேறும் சேரும் விளிம்பில், மைனா அளவுகூடச் சதைப்பற்று இல்லாத ஒரு பறவை பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். முதுகில் தவிட்டு நிறத்தின்மேல் வெள்ளைப் பொட்டுகள். கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. மஞ்சள் கலந்த பச்சைக் கால்கள். ஆள் நெருங்கினால் ‘சிஃப் சிஃப் சிஃப்’ என்று கத்திக்கொண்டு எழுந்து, கண்மாயை அரைவட்டம் அடித்து எதிர்க்கரையில் போய் இறங்கும். பறவை நூல்கள் இதைப் பொறி உள்ளான் என்கின்றன. ஊரில் எல்லாமே உள்ளான்தான்.

அது முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த இடம் இங்கிருந்து ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கு மூலையில் தொடங்கி, ஸ்காண்டிநேவியா, பின்லாந்து, சைபீரியா வழியாகக் கம்சட்கா வரை உலகத்தின் தலையில் கட்டிய ஈரத்துண்டுபோல ஒரு சதுப்பு நிலப் பட்டை கிடக்கிறது. பொறி உள்ளான் கூடு கட்டும் நாடு அதுதான். அங்கே ஜூன் மாதத்தில் இரவு என்று சொல்லும்படி இருட்டு வருவதில்லை. மரங்கள் குறைவு, இருப்பவையும் நூறு வயதானாலும் இடுப்புயரத்தில் குறுகி நிற்கும் பைன் மரங்களாக இருக்கலாம். தரை முழுக்கப் பச்சையும் செம்பழுப்புமாகப் பாசி. கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். காலை எடுத்ததும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கும்.

அந்தப் பாசியின் பெயர் ஸ்பாக்னம். அதன் உடம்பில் பாதிக்கு மேல் வெற்று அறைகள். செத்துப்போன, உள்ளே ஒன்றுமில்லாத, தண்ணீர் பிடிக்க மட்டுமே இருக்கும் செல்கள். காய்ந்த பாசி தன் எடையைப்போல் இருபது மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இதைக் காயவைத்து வீரர்களின் காயங்களுக்குக் கட்டினார்கள். உறிஞ்சுவது மட்டும் காரணமில்லை. ஸ்பாக்னம் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைப் புளிக்க வைக்கும்; அந்த அமிலத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. மேலே பாசி வளர்ந்துகொண்டே போகும், அடியில் இருப்பது சாகும். செத்தது மக்காமல் அப்படியே அமுங்கிப் படியும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பனியுகம் முடிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், வடக்கில் பல இடங்களில் இந்தப் படிவம் பல மீட்டர் ஆழத்துக்கு நிற்கிறது. தமிழ் அறிவியல் அகராதிகளில் இதற்கு முற்றா நிலக்கரி என்று பெயர். நிலக்கரியாகும் வழியில் முதல் படியில் நிற்கும் பொருள் என்பதால் பொருத்தமான சொல்தான். சுருக்கத்துக்காக இனி பீட் என்றே எழுதுகிறேன்.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகின் எல்லாக் காடுகளின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகமான கரி இந்த 3 சதவீதத்துக்குள் கிடக்கிறது. முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரம்தான் பெரிது, பாசி சிறிது என்று கண் சொல்கிறது. கண் பார்ப்பது தரைக்கு மேலே இருப்பதை மட்டும்.

செட்டியார்பட்டிக் கண்மாயிலும் தண்ணீர் நிற்கிறது, கோரை வளர்கிறது, இலை விழுகிறது, சேறு கருப்பாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இங்கே பீட் இல்லை?

கோடையில் கண்மாய் வற்றியதும் வயலுக்குக் கரம்பை அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பு மாட்டு வண்டி, இப்போது டிராக்டர். சின்ன வயதில் பெரியப்பாவோடு வண்டியில் போனபோது, “இம்புட்டு வருஷமா அள்ளுறாகளே, தீராதா?” என்று கேட்டேன். “தண்ணி கொண்டாந்து போட்டுக்கிட்டேதான்டா இருக்கு, அது எங்க தீரப் போகுது” என்றார். கரம்பை என்பது வெள்ளம் கொண்டுவந்த வண்டல். அதில் களிமண்தான் பெரும்பங்கு. செடி கொடியின் மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் நிலைக்காததற்குக் காரணம், கண்மாய் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடப்பதுதான். வெடிப்பு விழுந்த தரைக்குள் காற்று போகிறது. காற்றோடு பிராணவாயு போகிறது. முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் நுண்ணுயிர்கள் மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகின்றன. தின்ற கரி மூச்சாக வெளியேறி மறுபடி வானத்துக்கே போய்ச் சேர்கிறது.

ஊறுகாய் ஜாடி கெடாமல் இருப்பதற்கும் பீட் கெடாமல் இருப்பதற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே. ஜாடிக்குள் புளிப்பு இருக்க வேண்டும், காற்றுப் படக்கூடாது. எண்ணெய் மேலே ஒரு விரற்கடை நிற்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது காற்றைத் தடுக்கத்தான். உளையில், அதாவது பீட் படியும் சதுப்பில், எண்ணெயின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. அசையாமல் நிற்கும் தண்ணீருக்குள் பிராணவாயு மிக மெதுவாகத்தான் இறங்கும். இறங்குவதையும் மேல் அடுக்கில் உள்ள உயிர்களே செலவழித்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும். 1950இல் டென்மார்க்கில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைப் பார்த்து, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறையிடம் சொன்னார்கள். முகச் சுருக்கமும் தாடையில் முளைத்த மயிரும் அப்படியே இருந்தன. அவர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயிற்றில் கடைசியாகக் குடித்த கஞ்சிகூட இருந்தது. வாற்கோதுமையும் ஆளிவிதையும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி.

ஆக, பீட் உண்டாக வருஷம் முழுவதும் வற்றாத ஈரம் வேண்டும்; நுண்ணுயிர்களை மந்தமாக்கும் குளிரும் சேர்ந்தால் இன்னும் எளிது. தமிழ்நாட்டில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது.

*

நீலகிரியின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உதகையிலிருந்து மேற்கே போகப் போக, தேயிலை முடிந்து, நட்டு வளர்த்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் முடிந்து, பழைய நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வழுவழுப்பான புல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிவானம் வரை. மேடுகளின் மடிப்புகளில் மட்டும், தலையில் வகிடு எடுத்த இடம்போல, கரும்பச்சையாகச் சோலைக்காடு. இரண்டுக்கும் நடுவே, மேட்டிலிருந்து வழியும் தண்ணீர் எல்லாம் வந்து தங்கும் அடிப்பள்ளத்தில், புல்லின் நிறம் மாறியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சமவெளி. நடந்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். நீலகிரியின் உளை இதுதான்.

வடக்கின் உளையை ஸ்பாக்னம் கட்டியது. இங்கே பெரும்பாலும் கோரைகளும் புற்களும் கட்டின. மார்கழி, தை மாதங்களில் இந்தப் பள்ளங்கள் விடிகாலையில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது மேட்டிலிருந்து தண்ணீரைப்போலவே வழிந்து பள்ளத்தில் வந்து தேங்குகிறது. அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி கடுமை. சோலை மரத்தின் விதை இங்கே விழுந்து முளைத்தாலும் அந்த உறைபனியில் கருகிவிடும். மேட்டிலிருந்து ஊறி வரும் நீர் கோடையிலும் நிற்பதில்லை. ஜாடியின் மூடி பல்லாயிரம் ஆண்டுகளாக மூடியே இருந்திருக்கிறது.

இந்த நிலத்தில் நல்ல மிச்சமாக இருக்கும் பகுதி இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்கா. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 1982இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 1990இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. முதன்மையான நோக்கம் வரையாட்டைக் காப்பது. வரையாடு செங்குத்துப் பாறைக்குப் போவது பாதுகாப்புக்காக. வயிற்றுக்காக அது புல்வெளிக்குத்தான் வர வேண்டும். 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றில் சில எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலைத்தொடரிலும் இருக்கின்றன. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அதன் உச்சிப் பாறைகளிலும் வரையாடு மேய்கிறது.

உளையின் ஓரங்களில் நடமாடும் உயிர்கள் வேறு. விடியும்போது மிளா இறங்கி வந்து கோரையைக் கடிக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறிய பழுப்புப் பறவை தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஈரமான பள்ளங்களின் புல்லுக்குள்ளேயே கூடு கட்டும். ஓடையில் குட்டை நகம் கொண்ட சிறிய நீர்நாய் கல்லைப் புரட்டி நண்டு தேடும். புல்லுக்குள் கட்டைவிரல் அளவே உள்ள புதர்த் தவளைகள் கத்தும். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளியே வரும். குளம் தேவையில்லை, ஈரம் போதும்.

ஆனால் என்னை அங்கே மண்டியிட வைத்தது விலங்கு இல்லை, ஒரு சாண் உயரச் செடி.

சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று ஒரு பெயர் உண்டு. எப்போதும் கண்ணீர் கோத்து நிற்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். ட்ரோசிரா பேரினத்துச் செடி இது. நீலகிரி உளைகளில் வளர்வது அதில் ஓர் இனம். மெல்லிய தண்டு, அதில் பிறை வடிவத்தில், கொட்டைப்பாக்கைவிடச் சிறிய இலைகள். இலையின் விளிம்பெல்லாம் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. காலை பத்து மணிக்குச் சுற்றியிருந்த புல்லின் பனி எல்லாம் காய்ந்த பிறகும் இந்தத் துளிகள் காயவில்லை. விரல் நுனியால் ஒன்றைத் தொட்டுப் பிரித்தால் நூலாக இழுபடுகிறது. ஒரு கொசு, அல்லது கொசுவைப்போன்ற பூச்சி, ஓர் இலையில் ஒட்டியிருந்தது. ஒரு கால் இன்னும் அசைந்தது. பக்கத்து மயிர்கள் அதன்மேல் மெதுவாகக் கவிந்துகொண்டிருந்தன. கவிவதை நேராகப் பார்க்க முடியாது. வேறு பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் நிலைமை மாறியிருக்கும்.

சார்லஸ் டார்வின் இந்தச் செடியின் வடநாட்டு உறவினரோடு பல ஆண்டுகள் செலவிட்டு, 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனித மயிரின் ஒரு துணுக்கை, எடை 0.000822 மில்லிகிராம், அந்த இலை மயிரின்மேல் வைத்தார். மயிர் வளைந்தது. நம் நாக்கு நுனியால்கூட உணர முடியாத எடை அது. மழைத்துளி எத்தனை விழுந்தாலும் அதே இலை அசையவில்லை. மழைக்கும் இரைக்கும் வித்தியாசம் தெரிந்த இலை.

ஒரு செடி ஏன் வேட்டைக்குப் போக வேண்டும்? விடை ஜாடிக்குள்தான் இருக்கிறது. சாதாரண நிலத்தில் உதிர்ந்த இலை மக்கும்போது அதிலிருந்த நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும். அடுத்த செடி எடுத்துக்கொள்ளும். உளையில் மக்குவது நின்றுவிட்டது. செத்தவற்றின் சத்து எல்லாம் செத்தவற்றுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. காலடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் உணவு குவிந்திருக்க, மேலே முளைப்பது பட்டினியில் நிற்கிறது. எனவே அழுகண்ணி வானத்தில் பறப்பதைப் பிடிக்கிறது. பக்கத்திலேயே ஈரச்சேற்றில், மஞ்சளும் ஊதாவுமாகச் சிறு பூ விடும் யூட்ரிகுலேரியா தரைக்குள் வேட்டையாடுகிறது. அதன் அடியில் கடுகளவுப் பைகள். பையின் உள்ளிருந்து தண்ணீரை வெளியேற்றி, அமுக்கி வைத்த ரப்பர் பந்துபோலத் தயாராக வைத்திருக்கும். நுண்ணிய நீர்ப்பூச்சி ஒன்று வாயில் உள்ள மயிரைத் தொட்டால் கதவு திறந்து, உறிஞ்சி, மூடிக்கொள்ளும். உள்ளே உறிஞ்சுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தாவர உலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிகச் சில.

உளையை அதன் அருகிலேயே வாழ்ந்தவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், அரைவட்டப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோன்ற கோயில்களைப் பார்க்கலாம். அந்தக் கூரையை வேய எல்லாப் புல்லும் ஆகாது. உளையில் மட்டும் வளரும் ஒரு நீண்ட புல் வேண்டும். ரங்காச்சாரி என்ற தென்னிந்தியத் தாவரவியலாளரின் பெயர் அதன் அறிவியல் பெயருக்குள் இருக்கிறது. உளை வற்றினால் அந்தப் புல் போகும். அப்போது கோயில் கூரைக்கு ஒரு பிடிப் புல்லுக்காக மந்துக்கு மந்து தேடி அலைய வேண்டியதாகிறது.

*

நீலகிரிப் புல்வெளியைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு இருந்தது. இது இயற்கையா, மனிதன் செய்ததா? மழை இவ்வளவு பெய்யும் இடத்தில் காடுதான் இருக்க வேண்டும், தோடர்கள் எருமை மேய்க்கத் தீ வைத்துத் தீ வைத்துக் காட்டைப் புல்லாக்கிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. உறைபனியும் மண்ணும் சேர்ந்து ஆதியிலிருந்தே இப்படித்தான் என்பது இன்னொரு கட்சி. இது வெறும் அறிஞர் சண்டையாக இருந்திருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. முதல் கட்சி சரி என்றால் புல்வெளி என்பது கெட்டுப்போன காடு. அதில் மரம் நடுவது பரிகாரம். அரசு ஏடுகளில் புல்வெளி ‘தரிசு’ ஆனதற்குப் பின்னால் இந்த நினைப்பு இருந்தது.

இதில் சாட்சி சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். நடந்ததை எல்லாம் நேரில் பார்த்து, அடுக்கடுக்காகப் பத்திரப்படுத்தியவர். உளை.

உதகைக்குப் பக்கத்தில், செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இருந்து பீட்டை எடுத்து அதற்குள் புதைந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்து ஜி. வசந்தி 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மகரந்தத் துகளின் மேலோடு ஊறுகாய் ஜாடியில் கடைசிவரை கெடாத மாங்கொட்டை மாதிரி. எந்தச் செடியினுடையது என்று வடிவத்தைப் பார்த்தே சொல்லலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1993இல், ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிப் பீட்டைக் கொண்டு செய்த ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வந்தது. யானைகளைப் பற்றிய ஆய்வால் நாடறிந்த அதே சுகுமார்தான். அவர்கள் மகரந்தத்தைப் பார்க்கவில்லை. கரியை எடை போட்டார்கள்.

அந்த முறை மிக அழகானது. எங்கள் ஊர் வயல்களை வைத்தே சொல்லிவிடலாம். காற்றில் உள்ள கரியமில வாயுவில் கரி அணுக்கள் இரண்டு எடைகளில் இருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இலேசானது, ஒரு பங்கு கொஞ்சம் கனமானது. நெல், பருத்தி, வேம்பு, சோலை மரங்கள் எல்லாம் ஒரு வகையில் சமைக்கின்றன. அவை கனமான கரியை ஒதுக்கித் தள்ளுவதில் கண்டிப்பானவை. சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சமையல் வேறு. வறட்சியிலும் வெயிலிலும் இலைத்துளையைப் பாதி மூடிக்கொண்டே வேலை பார்க்கத் தெரிந்தவை அவை. கிடைத்ததைப் பெரிதாகப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவற்றின் உடம்பில் கனமான கரி சற்றுக் கூடுதல். செடி செத்து, ஊறி, உருத் தெரியாத கருஞ்சேறானாலும் இந்த விகிதம் மாறாது. ஒரு பிடிப் பீட்டை எரித்து அந்த வாயுவை அளந்தால், அது சோலையும் ஈரத்தை விரும்பும் செடிகளும் ஓங்கிய காலத்துச் சேறா, வறட்சியைத் தாங்கும் புல் ஓங்கிய காலத்துச் சேறா என்று சொல்லிவிடலாம். எப்போது படிந்தது என்பதைக் கதிரியக்கக் கரி சொல்லும். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கடிகாரம்.

ஒரு கிணற்றின் ஆழம்கூட இல்லாத குழியில் அவர்கள் 20,000 ஆண்டுகளைப் படித்தார்கள். அடியில், வடக்கே பனிப்பாறைகள் கண்டங்களை மூடியிருந்த காலத்தில், நீலகிரி வறண்டு கிடந்தது. பருவமழை நலிந்திருந்தது, காற்றில் கரியமில வாயுவும் குறைவு. அந்த இரண்டும் சோளக் குடும்பத்துப் புல்லுக்குச் சாதகம். மலை முழுக்கப் புல் ஆண்டது. பிறகு பனி உருகி, பருவமழை வலுத்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை உச்சத்துக்குப் போனது. சோலையும் ஈரச்செடிகளும் முன்னேறின. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மறுபடி வறட்சி, மறுபடி புல். 1997இல் வெளியான தொடர் ஆய்வு இந்த வரலாற்றை 40,000 ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோனது.

எருமை மேய்ப்பவர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது. காடும் புல்லும் மழையின் போக்குக்கு ஏற்ப ஒன்றையொன்று தள்ளியும் விட்டுக்கொடுத்தும் வந்திருக்கின்றன. தோடர்கள் தீ வைத்தது உண்மைதான். அது புல்லைப் புதுப்பித்திருக்கலாம். புல்லை அவர்கள் உண்டாக்கவில்லை.

*

சாட்சி சொல்வதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த சில ஆண்டுகளிலேயே பள்ளங்களுக்கு அணை போடுவது தொடங்கியது. உதகை ஏரி அப்படி வந்தது. 1863இல் கொடைக்கானலிலும் கலெக்டர் வீர் லெவிஞ்ச் ஓர் உளைப்பள்ளத்தை ஏரியாக்கினார். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது. சீகை (வாட்டில்) மரமும் அதே காலத்தை ஒட்டி வந்தது. விறகுக்காக வந்தவை, சுதந்திரத்துக்குப் பிறகு தொழிலுக்காகப் பரவின. சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் ரேயான் கூழுக்கு. 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதன்பின் குந்தா திட்டம், அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி. அணைக்கு வாகான இடம் என்றால் அகன்ற அடிப்பள்ளம். அகன்ற அடிப்பள்ளம் என்றால் உளை. அந்த மின்சாரத்தில்தான் தமிழ்நாட்டு ஆலைகள் சுழன்றன, எங்கள் பக்கத்து ராஜபாளையத்துப் பஞ்சாலைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீருக்கடியில் எத்தனை ஆயிரம் ஆண்டுகளின் ஏடுகள் மூழ்கின என்பதற்குக் கணக்கு இல்லை.

மரம் என்ன செய்தது என்பதற்கு மட்டும் கணக்கு இருக்கிறது. உதகையில் இருந்த மத்திய மண்–நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை அடுத்தடுத்து வைத்து அளந்தது. ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள்; மற்றதில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பள்ளத்திலிருந்து ஓடிவந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிமரம் மறுபடி துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் இழப்பு இன்னும் கூடியது. கோடை ஓடைதான் அதிகம் அடிபட்டது. புல்லின் வேர் முழங்கை ஆழம். மரத்தின் வேர் தண்ணீரைத் தேடி இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளத்து உளையின் நீர்மட்டம் தாழ்கிறது. காற்று உள்ளே போகிறது. மூடி திறந்துவிட்டது. சீகை மரம் வேறொரு தீங்கும் செய்கிறது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். வேறு நிலத்துக்கு அது உரம். பட்டினியில் வாழக் கற்ற அழுகண்ணிக்கு அது சாவு. கொழுத்த களைகள் மூடிவிடும்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் மறைந்துவிட்டதைக் காட்டியது. சீகை, கற்பூரம், பைன், விவசாயம்.

ஸ்காட்லாந்திலும் இதே கதை நடந்தது. பொறி உள்ளான்களில் சில சோடிகள் கூடு கட்டும் ஃப்ளோ கண்ட்ரி என்ற பெரும் உளைநாட்டில், 1980களில் வரிச்சலுகைக்காகப் பணக்காரர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து ஊசியிலை மரங்களை நட்டார்கள். அங்கும் அது வெற்று நிலமாகத்தான் ஏட்டில் இருந்தது. 1988இல் சலுகை ரத்தானது. பிறகு பறவைப் பாதுகாப்புச் சங்கம் நிலத்தை வாங்கி, நட்ட மரங்களை வெட்டி, வெட்டிய வாய்க்கால்களை அடைத்தது. வாய்க்கால் அடைத்த சில ஆண்டுகளில் பாசி திரும்பத் தொடங்கியது. 2024 ஜூலையில் புது டெல்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு ஃப்ளோ கண்ட்ரியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீட் நிலம் என்பதற்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் நிலம் அது. டெல்லி மண்டபத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்ட நாளில், ஸ்காட்லாந்து உளையின் தெற்கத்திச் சகோதரன் நம் நாட்டிலேயே இருப்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் தெரியவில்லை.

தமிழ்நாடு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. முக்கூர்த்தி உள்ளிட்ட இடங்களில் சீகையை அகற்றும் வேலை நடக்கிறது. வேலை எளிதானதில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒருமுறை வெட்டிவிட்டு வந்துவிட்டால் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடுதான் மிஞ்சும். ஆண்டுதோறும் போய்க் கையால் பிடுங்க வேண்டும், நாட்டுப் புல்லை நாற்று விட்டு நட வேண்டும், வடிகால்களை அடைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கன்று கொடுத்து நடச் சொல்வது எங்கள் ஊருக்கு நல்லது. எங்கள் வெயிலுக்கு நிழல் வேண்டும். அதே கன்றை முக்கூர்த்தியின் புல்மேட்டில் நட்டால் அது அழிவு. எங்கே மரம், எங்கே புல், எங்கே வெறும் சேறு என்பதை அந்த நிலத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நீலகிரியில் அந்த நிலம் 40,000 ஆண்டு விடையை எழுதியே வைத்திருந்தது.

*

சித்திரையில் எங்கள் கண்மாய் வற்றிவிடும். நடுவில் மட்டும் எருமை படுக்கும் அளவுக்குக் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர். போன வருஷம் கரம்பை வெட்ட டிராக்டர்கள் வந்த அன்று காலையில் போய்ப் பார்த்தேன். உள்ளான்கள் போய்ப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தன. சேறு தேங்காய்ச் சில்லுகளைப்போல் வெடித்து ஓரம் சுருண்டு கிடந்தது. ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்தேன். மேல்பக்கத்தில் மூன்று விரல் தடங்கள், ஈரமாக இருந்தபோது பதிந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடி. நாலாவது அடிக்குப் பிறகு அலகு குத்திய சிறு துளை. அதற்குள் விரல் நுழையவில்லை, ஈர்க்குச்சி நுழைந்தது.

“என்ன தம்பி தேடுறீக?” என்று டிராக்டர்க்காரர் இறங்கி வந்து கேட்டார். காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “குருவித் தடமா? எங்க போயிருச்சு?” என்றார்.

வடக்கே கை காட்டினேன். பனி உருகிக்கொண்டிருக்கும் பாசியை நோக்கி அது அந்நேரம் இமயத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கும்.

“அம்புட்டுத் தூரமா?” என்றவர், அந்தச் சில்லை வண்டியில் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.